வாப்பாவின் மெஷினும் நான் போட்ட மூன்று ஷர்த்தும்



தச்சுப் பட்டறையைப் பற்றி ஒரு பொம்பிளை எழுத என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். மதீனாவில் நபி (ஸல்) அவர்களுடைய மிம்பர் எப்படிச் செய்யப்பட்டது என்பதை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். அன்சாரிப் பெண் ஒருவரிடம் தச்சுவேலை தெரிந்த ஊழியர் ஒருவர் இருந்தார். அந்தப் பெண்ணுக்குச் சொல்லியனுப்பித்தான் மிம்பர் செய்விக்கப்பட்டது என்று புகாரியில் பதிவாகியுள்ளது. ஆகவே மரவேலையில் பெண்ணுக்கும் ஒரு பங்கு அன்றே இருந்திருக்கிறது.

அத்துடன், உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு மெஷின் இருக்கத்தான் செய்யும். மகனுடைய வெல்டிங் மெஷின், மச்சானுடைய அரைக்கும் மில், காக்காவுடைய வள்ளத்து இன்ஜின், மருதமுனைச் சகோதரிகளுக்குக் கைத்தறி. அவைதான் நமக்குச் சோறு போடுகின்றன. சில வேளைகளில் அவை நம்மிடமிருந்து எதையாவது எடுத்துக்கொண்டும் விடுகின்றன. எங்கள் வீட்டு மெஷின் வாப்பாவின் இடது கைச் சுட்டுவிரலை எடுத்தது. அதே மெஷினை முப்பத்தாறு வருடங்களுக்குப் பிறகு என் மகன் திருத்தி எடுக்கப் போகிறேன் என்று வந்து நின்றபோது நான் என்ன செய்தேன் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

சூறாவளிக்குப் பிறகு வந்த மெஷின்

எங்கள் ஊர் சாய்ந்தமருது. வாப்பா ஓடாவி வேலை செய்தவர். கடற்கரைப் பக்கம் உம்மாவுடைய சீதன வளவில்தான் பட்டறை இருந்தது. 1978 நவம்பர் 23ஆம் திகதி கிழக்குக் கரையை அடித்த சூறாவளியைப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. தென்னைகள் வரிசையாகச் சாய்ந்தன, கூரைகள் பறந்தன. அடுத்த வருடம் முழுக்க ஓடாவிமாருக்கு மூச்சுவிட நேரமில்லை. எல்லா வீட்டுக்கும் கதவு வேண்டும், யன்னல் வேண்டும். விழுந்த மரமும் நிறையக் கிடந்தது. அந்த வருடந்தான் கொழும்பில் நடந்த ஓர் ஏலத்தில் வாப்பா இந்த மெஷினை எடுத்து லொறியில் கொண்டுவந்தார்.

அரைத் தொன்னுக்கு மேல் பாரம். இங்கிலாந்தில் வார்த்தது என்று மட்டும் தெரியும். பெயர்த் தகடு எப்போதோ கழன்று போயிருந்தது. அந்நாளில் லெஸ்டர் நகரத்து வாட்கின் போன்ற கம்பனிகள் இவ்வகை மெஷின்களைச் செய்து உலகமெங்கும் அனுப்பியிருக்கின்றன. இதற்குப் 'பின் ரவுட்டர்' என்று பெயர்.

பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். கனத்த இரும்புத் தூண் ஒன்று. அதன் தலையிலிருந்து கொக்கின் கழுத்தைப் போல ஒரு கை முன்னுக்கு நீண்டிருக்கும். அந்தக் கையின் நுனியில் ஒரு தண்டு நின்று சுழலும். தண்டின் அடியில் மரத்தை வெட்டும் பிட்டைப் பூட்டுவார்கள். பிட்டுக்கு நேர் கீழே, மேசையின் நடுவில், ஒரு சின்ன உருக்கு முளை நிற்கும். அதுதான் 'பின்'.

நாம் சட்டை தைக்கும்போது முதலில் காகிதத்தில் மாதிரி வெட்டி, துணியின் மேல் வைத்து, அதன் ஓரமாகவே கத்தரிக்கோலைக் கொண்டுபோகிறோம் அல்லவா? இந்த மெஷினில் அது தலைகீழாக நடக்கிறது. மாதிரிப் பலகையை மரத்துக்கு அடியில் பூட்டுவார்கள். மாதிரியின் ஓரம் கீழேயுள்ள முளையில் உரசிக்கொண்டு போகும். மேலேயுள்ள பிட் அதே வளைவை மரத்தில் வெட்டும். முளையும் பிட்டும் ஒரே பருமனாக இருந்தால் மாதிரி எப்படியோ மரமும் அப்படியே வரும். நூறு துண்டு வெட்டினாலும் நூறும் ஒன்றுபோல இருக்கும். கட்டிலின் தலைமாட்டு வளைவு, யன்னலின் மேற்பூவேலை, குர்ஆன் வைத்து ஓதும் ரைஹால் எல்லாவற்றையும் வாப்பா இதில்தான் வெட்டினார்.

இதன் வேகத்தையும் சொல்ல வேண்டும். மோட்டார் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 2,900 சுற்றுச் சுற்றும். பெரிய கப்பியிலிருந்து சின்னக் கப்பிக்குப் பட்டி போட்டு அதை ஆறு மடங்குக்கு மேல் ஏற்றி, தண்டை ஏறத்தாழ 18,000 சுற்றில் ஓட வைத்திருந்தார்கள். அந்த வேகத்தில் பிட் கண்ணுக்குத் தெரியாது. தண்டின் கீழே ஒன்றுமே இல்லாதது போலத்தான் இருக்கும். ஆபத்தும் அதில்தான் இருந்தது.

உம்மா கேட்ட கேள்வி

1986ஆம் ஆண்டு நோன்பு மாதம். அஸருக்குப் பின் இருக்கும். பெருநாளைக்கு முன் முடிக்க வேண்டிய கட்டில் ஒன்று பாதியில் நின்றது. வாப்பா ஒரு சின்னத் துண்டைக் கையால் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். பிட் சுற்றும் திசைக்கு எதிராகத்தான் மரத்தைத் தள்ள வேண்டும். சுற்றும் திசையோடு தள்ளினால் பிட் மரத்தைக் கவ்வி இழுக்கும், மரத்தோடு கையும் போகும். இது வாப்பாவுக்குத் தெரியாததல்ல. நோன்புக் களைப்பு, அவசரம், மரத்தில் ஒரு கணு. எல்லாம் சேர்ந்துவிட்டன.

உம்மா ஓடிப்போய்ச் சுவிச்சை நிற்பாட்டினா. நிற்பாட்டிய பிறகும் அது உறுமிக்கொண்டு வெகு நேரம் சுழன்றது. எனக்கு அப்போது பதினாலு வயது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாப்பா, "அல்லாஹ்வின் நாட்டம்" என்றார். உம்மா மறுத்துப் பேசவில்லை. கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டு, "நாட்டம்தான். ஆனா கையை ஏன் அவ்வளவு கிட்டக் கொண்டு போனீங்க?" என்று மட்டும் கேட்டா. வாப்பாவிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. அந்த மெஷினில் கையைக் கிட்டக் கொண்டு போகாமல் வேலை செய்ய வழியே இருக்கவில்லை என்பதுதான் உண்மை. மூடியில்லை, பிடியில்லை, உடனே நிற்கும் வசதியில்லை. விரல் ஆறியதும் வாப்பா மறுபடியும் அதே மெஷினில், அதே மாதிரி வேலை செய்தார்.

உப்புத் தண்ணீர்

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையைப் பற்றி அம்பாறைக் கரையோரத்து வாசகிகளுக்கு நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது நம் மாவட்டம். எங்கள் குடும்பம் உம்மாவைக் கொடுத்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். நான் பிரதான வீதிக்கு மேற்கே, வயல் பக்கம் குடியிருந்ததால் தப்பினேன். வாப்பா ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு தப்பினார்.

பட்டறையில் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. மெஷின் மட்டும் மணலுக்குள் பாதி புதைந்து நின்றது. பாரம் அதைப் போகவிடவில்லை. ஆளோடு ஆளாக அதை என் வளவுக்கு இழுத்து வந்தபோது வாப்பா ஒரு காரியம் செய்தார். கரையோரக் கிணறுகள் எல்லாம் உப்பாகிவிட்டிருந்த நேரம் அது. வயல் பக்கத்துக் கிணற்றிலிருந்து கேன் கேனாக நல்ல தண்ணீர் கொண்டுவந்து, மெஷினை மூலை முடுக்கெல்லாம் கழுவினார். காய்ந்ததும் பழைய இன்ஜின் ஒயிலை முழுக்கப் பூசி, தறப்பாளால் மூடினார். மையித்தைக் குளிப்பாட்டுவது போல இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர் உளியையே தொடவில்லை. 2009இல் மௌத்தானார்.

அன்று அந்த உப்பைக் கழுவியிராவிட்டால் இந்தக் கதைக்கே இடமிருந்திராது என்று மகன் பிற்பாடு எனக்கு விளக்கினான். இரும்பில் உப்பு ஒட்டியிருக்கும் வரை, மேலால் எத்தனை பூச்சுப் பூசினாலும் துரு உள்ளுக்குள் தின்றுகொண்டே இருக்குமாம்.

2022

அந்த வருடத்தை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். எரிபொருளுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. பழைய இரும்பு வாங்குகிறவர் இரண்டு முறை வந்து மெஷினுக்கு விலை கேட்டார். கட்டாரிலிருந்த என் வீட்டுக்காரரும், "கொடுத்துவிடு, இடமாவது மிச்சம்" என்றார்.

தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு வேலையில்லாமல் நின்ற மகன்தான், "உம்மா, இதை விற்க வேணாம். புது மெஷின் இனி நமக்கு எட்டாது. மூத்தாப்பாட மெஷினை நான் திருத்திறேன்" என்றான். அவனுடைய பத்து விரல்களையும்தான் நான் பார்த்தேன். உம்மா கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. நான் மறுக்கவில்லை. மூன்று ஷர்த்துப் போட்டேன்.

ஒன்று: ஓடும்போது உன் கை பிட்டுக்கு ஒரு சாண் கிட்டவும் போகக் கூடாது.

இரண்டு: நில் என்றால் மெஷின் உடனே நிற்க வேண்டும். போன கரண்ட் திரும்பி வந்தால் தானாகத் தொடங்கவும் கூடாது.

மூன்று: தூசு உன் நெஞ்சுக்குள்ளும் போகக் கூடாது, என் வீட்டுக்குள்ளும் வரக் கூடாது.

செலவுக்கு என் காப்பொன்றைக் கொடுத்தேன். அடகு வைத்தால் வட்டி. அதனால் விற்றேன். கடனை எழுதி வைத்துக்கொள்ளும்படி குர்ஆன் சொல்கிறதே, உம்மாவும் மகனும் என்றால் மட்டும் விலக்கா என்று ஒரு கொப்பியில் எழுதி, இருவரும் கையெழுத்து வைத்தோம்.

திருத்திய விதம்

துருவைக் கழற்றுவதில் என் குசினியும் பங்கெடுத்தது. சின்னச் சாமான்களை இரவு முழுக்க வினாகிரியில் ஊறவைத்தோம். காலையில் பிரஷால் தேய்த்தால் துரு கறுப்பாகக் கரைந்து வந்தது. பின்னர் அப்பச்சோடாத் தண்ணீரில் கழுவி, உடனே துடைத்துக் காயவைத்து எண்ணெய் பூச வேண்டும். தாமதித்தால் கண்முன்னே மறுபடியும் சிவக்கும். நான் தேங்காயெண்ணெய் எடுத்துக் கொடுத்தேன். அது நாளாக நாளாகப் பிசினாகிவிடும் என்று மகன் வேண்டாமென்றான். என் தையல் மெஷின் எண்ணெய்தான் உதவியது. மேசையை எமரித் தாளால் தேய்த்து மெழுகுதிரி பூசினோம். பலகை இப்போது அதில் வழுக்கிக்கொண்டு போகிறது.

பெயரிங்குகளைக் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் தேடி எடுத்தான். கிறீஸை அள்ளி அப்பப் போனவனிடம், இந்த வேகத்தில் ஓடும் பெயரிங்குக்குக் கிறீஸ் கூடினால் அதுவே சூடாகிக் கெட்டுவிடும் என்று கல்முனையில் லேத் பட்டறை வைத்திருக்கும் மூத்தவர் ஒருவர் சொல்லிக் கொடுத்தார். முதல் நாள் மெதுவான வேகத்தில் ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திக் கையை வைத்துப் பார்த்தார்கள். இளஞ்சூடு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு கூடாது.

மோட்டாரின் கம்பிச்சுற்று உப்பில் கெட்டிருந்ததால் புதிதாகச் சுற்றினார்கள். எங்கள் வீட்டுக்கு வருவது ஒற்றை பேஸ் 230 வோல்ட் கரண்ட். மோட்டாருக்கோ மூன்று பேஸ் வேண்டும். இதற்கு இப்போது வி.எப்.டி. என்ற ஒரு சின்னப் பெட்டி கிடைக்கிறது. அது ஒற்றை பேஸை வாங்கி மூன்று பேஸாகக் கொடுக்கும். அதற்கேற்ப மோட்டாரின் இணைப்பை 'டெல்டா' முறையில் மாற்றிக்கொண்டார்கள். இதைப் படித்த மின்னியலாளர் ஒருவரே செய்ய வேண்டும். கரண்டைத் துண்டித்த பிறகும் சில நிமிடங்களுக்கு அந்தப் பெட்டிக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். அவசரப்பட்டுத் திறந்தால் உயிருக்கு ஆபத்து.

என் இரண்டாவது ஷர்த்தை அந்தப் பெட்டிதான் நிறைவேற்றியது. மெஷின் மெல்லத் தொடங்குகிறது. நிற்பாட்டினால் தானாகச் சுழன்று ஓய விடாமல், பெட்டியே அதைப் பிடித்து நிறுத்துகிறது. பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்றை முழங்கால் மட்டத்தில் வைத்தார்கள். இரண்டு கையும் வேலையாக இருந்தாலும் காலால் தட்டி நிறுத்தலாம். தொடங்குவதற்குத் தனிப் பொத்தான். கரண்ட் போய் வந்தால் அதை மறுபடியும் அழுத்தினால்தான் ஓடும்.

வேகத்தைக் குறைக்க முடிந்ததும் பெரிய பாதுகாப்பு. 18,000 சுற்றில் 6 மில்லிமீட்டர் பிட்டின் ஓரம் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகும். அதே சுற்றில் 50 மில்லிமீட்டர் பிட்டைப் பூட்டினால் அதன் ஓரம் மணிக்கு 170 கிலோமீட்டரைத் தொடும். வாப்பாவின் காலத்தில் சின்னதுக்கும் பெரியதுக்கும் ஒரே வேகந்தான். இப்போது எந்தப் பிட்டுக்கு எத்தனை சுற்று என்று சுவரில் பெயின்ற்றால் எழுதி வைத்திருக்கிறான்.

முதலாவது ஷர்த்துக்காக, மாதிரிப் பலகையோடு சேர்த்து மரத்தை இறுக்கிப் பிடிக்கும் தட்டு ஒன்று செய்தான். இரண்டு புறமும் கைபிடி. பிட்டைச் சுற்றி ஊடுதெரியும் பிளாஸ்டிக் மூடி. சின்னத் துண்டைச் சின்னதாக வைத்து வெட்டுவதே இல்லை. பெரிய பலகையில் இருக்கும்போதே வளைவை வெட்டி முடித்து, கடைசியில்தான் துண்டாக்குகிறான்.

மூன்றாவது ஷர்த்துக்கு உறிஞ்சுகுழாயும், முகமூடியும், காதுமூடியும். மரத்தூசு புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995இலேயே அறிவித்துவிட்டது. நம் முதிரை மரத்துத் தூசு தோலைக் கடித்துப் புண்ணாக்கும். வாப்பாவின் முழங்கையில் வருடம் முழுக்க இருந்த சொறி எதனால் வந்தது என்பது எனக்கு இப்போதுதான் விளங்கியது.

மாதிரிப் பலகை

எல்லாம் முடிந்து ஒரு வேலை மிஞ்சியது. முளை பிட்டுக்கு நேர் கீழே நிற்க வேண்டும். ஒரு மயிரிழை விலகினாலும் வெட்டு பிசகும். தண்டில் அளவுமானியைப் பூட்டி, கையால் மெல்லச் சுற்றி, முளையின் நான்கு பக்கமும் முள் அசையாமல் நிற்கும் வரை இரண்டு நாள் பாடுபட்டான்.

சுனாமி வாப்பாவின் மாதிரிப் பலகைகள் எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டது. ஒன்று மட்டும் என்னிடம் இருந்தது. 1992இல் என் கலியாணத்துக்கு வாப்பா ரைஹால் செய்து தந்தபோது, அந்த வளைவு ஆசையாக இருக்கிறது என்று மாதிரியையும் கேட்டு வாங்கிவந்திருந்தேன். முப்பது வருடமாக அது என் தண்ணீர்ப்பானைக்கு மூடியாக இருந்தது. எடுத்துக் கழுவிக் கொடுத்தேன். ஓரம் அரை மில்லிமீட்டர் தேய்ந்திருந்தது. "பரவாயில்லை உம்மா, முளையை ஒரு மில்லிமீட்டர் மொத்தமாகப் போட்டால் சரியாகிவிடும்" என்றான். மொத்தமான முளை மாதிரியைப் பிட்டிலிருந்து அரை மில்லிமீட்டர் கூடுதலாகத் தள்ளிப் பிடிக்கும். தேய்ந்து குறைந்த அளவு மரத்தில் நிரம்பிவிடும். லேத் பட்டறையில் அந்த முளையைக் கடைந்து கொடுத்தார்கள்.

முதல் ரைஹாலை வெட்டும்போது நான் பட்டறை வாசலில் நின்றேன். மெஷினைப் பார்க்கவில்லை, அவன் கைகளைத்தான் பார்த்தேன். இரண்டும் கைபிடியில் இருந்தன. வெட்டி முடிந்ததும் சிவப்புப் பொத்தானை அழுத்தினான். உறுமல் நின்றது. நான் பயந்து காத்திருந்த அந்த நீண்ட சத்தம் வரவேயில்லை. எனக்கு அழுகை வந்தது. மாதிரியில் உம்மாவின் கரிக்கை பட்ட அடையாளம் ஒன்று இருந்தது. என் பிள்ளைப்பேற்றுக்கு வந்து நின்றபோது பட்டதாயிருக்க வேண்டும். அதை நான் கழுவவில்லை.

சகோதரிகளே, நான் சொல்ல வந்தது இதுதான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். நம்மில் பலர் கட்டுவதை ஆண்களுடைய வேலை என்றும் துஆச் செய்வதை நம்முடைய வேலை என்றும் பிரித்து வைத்திருக்கிறோம். தாவூத் நபி (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மிருதுவாக்கிக் கொடுத்தான். அந்த இரும்பில் அவர்கள் செய்யக் கற்றது கவசம், மனித உடலைக் காக்கும் பொருள். ஸகரிய்யா நபி (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள். கைத்தொழில் நமக்குக் கண்ணியம். அந்தக் கைகளோ நம்மிடம் தரப்பட்ட அமானிதம்.

ஆகவே இன்று இரவு சாப்பாட்டுக்குப் பின் உங்கள் மகனிடம், மச்சானிடம் கேட்டுப் பாருங்கள். உன் மெஷினுக்கு மூடி இருக்கிறதா? உடனே நிற்குமா? கரண்ட் வந்தால் தானாக ஓடுமா? மூக்குக்கு என்ன போடுகிறாய்? "உனக்கு ஏன் இதெல்லாம்" என்று சொன்னாலும் கேளுங்கள். உடைந்ததை ஓடவைப்பது அவர்களுக்குத் தெரியும். முன்பு எது நம்மை நோகடித்தது என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் நாம்.

மகன் இப்போது பள்ளிவாசல்களுக்கும் மத்ரஸாக்களுக்கும் ரைஹால் செய்து கொடுக்கிறான். கொப்பியில் எழுதிய கடனில் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். விரல் பத்தும் இருக்கின்றன. வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் அல்லாஹ் மஃபிரத்தைக் கொடுப்பானாக. நம் பிள்ளைகளின் உழைப்பில் பரக்கத்தையும் அவர்களின் கைகளில் ஸலாமத்தையும் தருவானாக. ஆமீன்.